மரைக்கு நட்ட காணி

நஸீபைச் சுட்டது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இழுத்து இழுத்துக் கடைசியில் போட்டு உடைக்கிற வேலை எனக்கு வராது. வேண்டுமென்று சுடவில்லை, ஆனால் சுட்டேன். பொலிசுக்கு வேறு சொன்னேன். அவன் மனைவி நஸ்லியாவுக்கும் அதையே சொன்னேன். அந்தப் பொய்க்குள் நஸ்லியாவுக்குச் சேரவேண்டிய ஒரு விஷயம் மாட்டிக்கொண்டது. அதை எடுத்து அவளிடம் கொடுத்தால் நான் மாட்டுவேன். கொடுக்காவிட்டால் அவள் சாகும்வரை அழுவாள். இதை வைத்துக்கொண்டு நாலு மாதம் பத்து நாள் கந்தோருக்குப் போய் வந்தேன். சாப்பிட்டேன், தூங்கினேன். தூக்கம் நன்றாகவே வந்தது என்பதுதான் எனக்கே பிடிக்காத சங்கதி.

என் பெயர் ஜனார்த்தனன். கந்தோர் என்றால் கண்டி மாநகர சபை, அங்கே கிளார்க். வீடு குண்டசாலையில். நஸீபும் நானும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே வாங்கு. அவனுக்குப் பிலிமத்தலாவையில் விதையும் உரமும் விற்கும் கடை. நாவலப்பிட்டிக்கு மேலே, காட்டு எல்லையை ஒட்டி, அவன் வாப்பா விட்டுப்போன நாலு ஏக்கர் காணி ஒன்று இருந்தது. ஒரு காலத்தில் தேயிலை. பிறகு யாரும் கவனிக்காமல் மானாப்புல் ஆளுயரத்துக்கு ஏறி, ஊரில் உள்ள முள்ளெல்லாம் அங்கே வந்து குடியேறிவிட்டது. காட்டிலிருந்து மரைகள், அந்தப் பெரிய மான்கள், சில நேரம் அந்த வழியாக இறங்கும்.

மரை சுடுவது சட்டப்படி குற்றம். தெரியும். யாராவது ஒரு நாள் எங்களைப் பிடித்து உள்ளே போட்டிருந்தால் நஸீப் இன்றைக்குக் கடையில் உட்கார்ந்து கவ்பிப் பயறு விதை நிறுத்துக்கொண்டிருப்பான். யாரும் பிடிக்கவில்லை.

அந்தப் பக்கத்தில் மற்றவர்கள் செய்வது வேறு. ஒரு மரத்தடியில் நாலைந்து நாள் சோளத்தைக் கொட்டுவார்கள், பலாப்பழத்தை வெட்டிப் போடுவார்கள். மரை பழகியதும் மேலே பரண் கட்டி உட்கார்ந்து சுடுவார்கள். நானும் அப்படித்தான் செய்யலாம் என்று சொன்னேன். நஸீப் என்னை ஏதோ களவெடுக்கச் சொன்னவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

"உனக்கு அறிவு ஈக்கா மச்சான்? கொட்டிப் போட்டா அது வந்து தின்டுட்டுப் போயிரும். இன்னொருத்தன் இதவிடக் கூடக் கொட்டினா அங்க போயிரும். அதுக்கு இது ஊடா ஈக்கோணும்டா. படுக்க எடம், குடிக்கத் தண்ணி, குட்டி போட மறைவு. நான் செஞ்சு காட்டுறேன், நீ சும்மா ஈந்து பாரு."

"ஏன்டா, மரைக்கு ஊடு கட்டிக் குடுத்து, சோறு போட்டு, அப்புறம் சுடணுமா? ஒனக்குப் பைத்தியமா?"

"வருசத்துக்கு ஒன்டு. கெடா மட்டும். மத்ததெல்லாம் அதுபாட்டுக்கு ஈக்கட்டும்."

இரண்டு வருடம் மரைக்கு ஒரு வெடி வைக்க விடவில்லை. சனிக்கிழமை சனிக்கிழமை என்னைச் சின்ன லொறியில் ஏற்றிக்கொண்டு போய் மாடு மாதிரி வேலை வாங்கினான். நடுவில் அரை ஏக்கரைத் துப்புரவாக்கிக் கவ்பி போட்டோம். சரிவில் வத்தாளைக் கிழங்குக் கொடி. ஓரத்தில் தழைக்குக் கிளிசிரியாக் கம்புகள். மூன்று பக்கமும் மானாப்புல்லை வெட்டவே கூடாது என்றான், அதுதான் மரைக்குச் சுவராம். அந்தப் புல்லுக்குள் இடுப்பளவு உயரத்தில் குகை மாதிரி வழிகள் வெட்டினான். மேலே புல் மூடியிருக்கும், கீழே மரை தலையைக் குனிந்துகொண்டு ஆளுக்குத் தெரியாமல் வந்து போகலாம். ஊற்றை மண்வெட்டியால் அகலப்படுத்தி ஒரு சின்னக் குட்டை ஆக்கினான். கந்தோரில் என் உள்ளங்கைக் கொப்புளத்தைப் பார்த்துவிட்டு, சார் வீடு கட்டுறீங்களா என்று கேட்டார்கள். ஆமாம், கூட்டாளியின் மருமக்களுக்கு என்றேன்.

முதலில் வந்தது மரை இல்லை, காட்டுப்பன்றி. வத்தாளையை உழுது போட்டுவிட்டுப் போயிற்று. நஸீப் தலையில் கைவைத்துக்கொண்டு அந்தப் பன்றியின் பரம்பரையையே திட்டினான். நான் அதைச் சுட்டு, கீழே தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்து ஆட்களைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். அவர்கள் அதைக் கம்பில் கட்டித் தூக்கிப்போகும்வரை அவன் காணியில் போட்டிருந்த குடிசைக்குள்ளேயே இருந்தான். "போயிட்டா? போயிட்டா?" என்று உள்ளேயிருந்து கேட்பான். "இல்லடா, ஒன்னய விசாரிக்குது" என்பேன். இப்படியெல்லாம் சிரித்திருக்கிறோம்.

மூன்றாம் வருடம் மரைகள் வந்தன. வந்ததென்றால் வந்துவிட்டுப் போகிற வரவு இல்லை. இருந்தன. ஐந்து, பிறகு ஏழு. நஸீப் சொன்னது சரி. அவனுக்கு அதில் வந்த பெருமையைச் சொல்லி மாளாது.

எங்கள் வேலைப் பிரிவினை இது. துவக்கு அவனுடையது, பயிரைக் காக்கவென்று லைசென்ஸ் எடுத்த இரட்டைக்குழல். ஆனால் அவனுக்குக் குறி பார்க்க வராது. ஆனை நின்றாலும் பக்கத்து மரத்தில்தான் வைப்பான். அதனால் சுடுவது நான். நான் சுட்டதில் மரை செத்துப்போனால் அந்த இறைச்சி அவன் வீட்டுச் சட்டிக்கு ஆகாது. உயிர் போகுமுன் அவன் ஓடிப்போய் அல்லாஹ்வின் பெயரைச் சொல்லி அறுக்க வேண்டும். ஆகவே வெடிச்சத்தம் கேட்டதும் நஸீப் கத்தியோடு ஓடுவான். "வாறேன்டா!" என்று கத்திக்கொண்டு, கவ்பிக்கு நடுவே, நான் பார்க்கக்கூடிய வெளியால் ஓடுவான். அவன் ஓடுவதால் நான் இரண்டாவது குழலில் தோட்டா போடுவதில்லை. கையில் இருந்தால்தானே விரல் அரிக்கும். அந்த ஒழுங்கை நான்தான் வைத்தேன். இரண்டு கிடா சுட்டு, இரண்டு தரமும் அப்படியே செய்தோம்.

அன்று சனிக்கிழமை, பின்னேரம் நாலரை. கவ்பி பூத்திருந்தது. அந்த வாரம் மறுபடி ஒரு பன்றி வந்து வத்தாளையில் பாதியைக் கிளறியிருந்தது. நஸீப் வயிறெரிந்துபோய் நின்றான்.

"மச்சான், ரெண்டாவதையும் போடு. அந்த ஹராமக் கண்டா வைச்சிரு."

"நீ ஓடுவியேடா."

"நான் ஓடுறது ஒனக்குத் தெரியாதா? கத்திக்கிட்டுத்தானே வாறேன். போடுடா!"

போட்டேன். அவனுக்கு வத்தாளைக் கவலை. எனக்கு அவனோடு வாக்குவாதம் பண்ணச் சோம்பல். அவ்வளவுதான் நடந்தது.

நான் மேல்பக்கத்துப் பாறையில் இருந்தேன். அவன் கீழே குடிசைப் பக்கம். ஐந்து மணிபோலக் கிடா ஒன்று கவ்பிக்குள் வந்தது. நல்ல கொம்பு. சுட்டேன். முன்னங்கால் மடிந்து விழுந்தது, எழுந்தது, இருபது முப்பது அடி ஓடி மானாப்புல்லுக்குள் போய்ச் சாய்ந்தது. விழுந்த சத்தம் கேட்டது. நஸீப் வெளியால் வருவான் என்று பார்த்தேன். வெளியில் ஆளில்லை.

அப்போது வேறொரு பக்கத்தில், புல்லின் அடியில், கறுப்பாக ஏதோ வேகமாக வந்தது. புல் அசைந்து அசைந்து வந்தது. பன்றி அந்த வாரம் முழுக்க அந்தப் பக்கத்தால்தான் வந்திருந்தது. நான் சுட்டேன்.

மரை புல்லுக்குள் விழுந்ததால் அவன் வெளியை விட்டுவிட்டுத் தான் வெட்டிய மரை வழியால் புகுந்திருக்கிறான். அதுதான் கிட்ட. அதற்குள் ஆள் நிமிர முடியாது. இரண்டு கையையும் ஊன்றித் தவழ்ந்திருக்கிறான். கத்தியின் பிடியைப் பல்லில் கடித்திருந்தான். அதனால்தான் கத்தவில்லை. இதெல்லாம் நான் போய்ப் பார்த்தபிறகு தெரிந்துகொண்டது.

கழுத்திலும் தோளிலும் பட்டிருந்தது. புரட்டி மடியில் போட்டேன். அந்த மலையில் போன் வேலை செய்யாது, கீழ் வளைவுக்கு ஓடினால்தான். ஓட எழுந்தேன். என் சட்டையைப் பிடித்துக்கொண்டான்.

"போகாத."

"டேய், ஆள் கூட்டிட்டு வந்துர்றேன்டா. விடுடா."

"போகாத ஜனா."

அவனுக்குத் தெரிந்துவிட்டது. எனக்கும் தெரிந்துவிட்டது. அவனுடைய வாப்பா மௌத்தாகும்போது நான் அந்த வீட்டில் இருந்தேன். ஆள் மாறி ஆள் காதுக்குள் கலிமாச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கடைசி மூச்சில் நாவில் அது இருக்க வேண்டும் என்று நஸீப்தான் எனக்கு அன்று விளக்கியது. இப்போது அவனுக்குச் சொல்லிக்கொடுக்க அந்தக் காட்டில் என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? எனக்கு முதல் பாதிதான் தெரியும். குனிந்து காதுக்குள் சொன்னேன். லா இலாஹ இல்லல்லாஹ். அவன் உதடு அசைந்தது. மறுபடி சொன்னேன். அவனும் சொன்னான், எனக்குத் தெரியாத மற்றப் பாதியையும் அவனே சேர்த்துச் சொன்னான். தெளிவாகக் கேட்டது. அதற்குப் பிறகு ஒன்றும் பேசவில்லை.

மரை இன்னும் சாகவில்லை. புல்லுக்குள் காலை உதைத்துக்கொண்டே இருந்தது. அறுக்க ஆளில்லை. அது நிற்கும்வரை நான் அங்கேயே இருந்தேன். அழ வேண்டும் என்று நினைத்தேன். வரவில்லை. நான் செய்த காரியத்தை யாரோ செய்து எனக்குச் செய்தி சொன்ன மாதிரி இருந்தது.

துவக்கைக் கழுவித் துடைத்துக் குடிசையில் மாட்டினேன். வெற்றுத் தோட்டாக்களை ஓடையில் எறிந்தேன். கை அதுபாட்டுக்கு எல்லாவற்றையும் செய்தது. கீழ்லயத்துக்கு இறங்கினேன். அழகர் என்ற பெரியவர் வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார். என் சட்டையைப் பார்த்துக் கோடரியைப் போட்டுவிட்டார்.

"ஐயோ, என்னாங்க சார்?"

"நஸீபுக்கு வெடி பட்டிருச்சு."

"அட கடவுளே! கட்டுத்துவக்காங்க? கம்பியில கால வச்சிட்டாரா?"

மரை வரும் வழியில் கம்பி கட்டி, இடறினால் தானாக வெடிக்கும்படி துவக்கைக் கட்டி வைக்கிறவர்கள் அந்த மலையில் உண்டு. நான் தலையை ஆட்டினேன். கட்டுத்துவக்கைப் பற்றி என் பொய் அந்த ஒரு தலையாட்டல்தான். மிச்சத்தையெல்லாம் மற்றவர்களே கட்டினார்கள்.

நான் தனியாகப் பிறகு வந்தேன், வரும்போது ஆள் முடிந்துபோயிருந்தது என்று பொலிசில் சொன்னேன். அந்தக் காட்டில் தேடினால் கம்பி கிடைக்காமலா போகும், ஒரு பழைய துண்டு கிடைத்தது. விடியும்போது மரையைக் காணவில்லை. யார் எடுத்தது என்று நான் கேட்கவில்லை. வீட்டில் மையத்துக்குப் பக்கத்தில் நின்று நஸ்லியாவுக்கும் பிள்ளைகளுக்கும் அதையே சொன்னேன். மரண விசாரணை முடிந்து மறுநாள் அடக்கினார்கள். மையவாடியில் நானும் மூன்று பிடி மண் போட்டேன். ஒருவர் என் தோளைப் பிடித்து, உங்களப் போல கூட்டாளி ஆருக்குக் கெடைக்கும் என்றார். ஓங்கி ஓர் அறை விட வேண்டும் போலிருந்தது. அவரையா என்னையா என்று தெரியவில்லை.

நஸ்லியா இத்தா இருந்தாள். நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள்ளேயே, வெளி ஆண்களைப் பார்க்காமல். எனக்கு அது வசதியாகப் போயிற்று. அவள் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. என் மனைவி கிருஷாந்திதான் போய் வந்தாள். ஒரு நாள் வந்து கைப்பையைக்கூட வைக்காமல் நின்றுகொண்டே சொன்னாள்.

"அந்தப் புள்ள சோறு தின்னுறதே இல்லீங்க. புருசன் போனதக்கூடத் தாங்கிக்கிறா. காட்டுல தனியாக் கெடந்து போயிட்டாரே, கலிமா சொல்லிக் குடுக்க ஒருத்தரும் இல்லையேன்னு அதையே சொல்லிச் சொல்லி அழுவுறா. கலிமா இல்லாமப் போனாரோன்னு பயம். எனக்கு என்னா சொல்றதுன்னே தெரியலீங்க."

"சாப்பாடு எடுத்து வை" என்றேன்.

"என்னாங்க மனுசன் நீங்க! கல்லா?"

கல்தான். பருப்பும் கீரையும் இருந்தன. சாப்பிட்டேன்.

சனிக்கிழமைகளில் காணிக்குப் போனேன். ஏன் என்று கேட்டால் எனக்கே தெரியாது, போகாமலிருந்தால் வேறு எங்கே போவது? களை பிடுங்கினேன், கவ்பி முற்றியதும் மறுபடி விதைத்தேன், குட்டையில் சேறு வாரினேன். புல் வழிகளை வெட்டவில்லை, அவை தானாக மூடிக்கொண்டு வந்தன. மரைகளுக்கு நான் பழகிப்போனேன். பத்தடியில் ஒரு தாய் மரை குட்டியோடு நின்று கவ்பியைக் கடித்தது. நஸீப் பார்த்தால் துள்ளிக் குதித்திருப்பான். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மண்வெட்டியைக் கழுவிவிட்டு பஸ்ஸுக்கு இறங்கினேன்.

இத்தா முடிந்த மறுநாளே நஸ்லியா ஆளனுப்பினாள். பிலிமத்தலாவைக்குப் போனேன். முன்னறையில் கதிரை போட்டிருந்தது. அவளுடைய உம்மா அபீபா உள்வாசலில் உட்கார்ந்திருந்தார். நஸ்லியா எதிரில் வந்து உட்கார்ந்தாள். பாதி ஆளாகியிருந்தாள். தேத்தண்ணி வந்தது.

"ஜனாண்ணன், காணிய என்ன செய்யிறண்டு என்ட கூடப்பொறந்த நானாமாரு கேக்குறாங்க. விக்க வாணாமுண்டு நான் செல்லிட்டேன். அவருக்கு அது உசிரு. நீங்க இன்னம் போய்ப் பாக்குறீங்களாம், அழகரையா செல்லியனுப்பினாரு. நீங்களே பாருங்க."

"சரிம்மா."

"ஒன்டு கேக்கோணும்." முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டாள். "நீங்க போகக்கொள்ள அவருக்குக் கொஞ்சமாச்சும் உசிரு ஈந்திச்சா? பொலிசுல செல்லினத உடுங்க. எனக்குச் செல்லுங்க."

வழியெல்லாம் இதைத்தான் யோசித்து வந்திருந்தேன். பாதியைச் சொல்லலாம். உயிர் இருந்தது, பயத்தில் பொலிசிடம் மாற்றிச் சொல்லிவிட்டேன் என்றால் போதும். அவளுக்கு வேண்டியது கிடைத்துவிடும், நானும் தப்பிவிடுவேன். கெட்டிக்காரத்தனம்.

"இருந்துச்சும்மா" என்றேன். "என் மடியிலதான் போனான். எனக்குத் தெரிஞ்ச மட்டும் கலிமாவ நான் காதுல சொன்னேன். முழுசையும் அவனே சொன்னான். எனக்கு நல்லாக் கேட்டுச்சு."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அபீபா உள்வாசலில் "அல்ஹம்துலில்லாஹ், அல்ஹம்துலில்லாஹ்" என்று சத்தமாக அழத் தொடங்கினார். நஸ்லியா அழுதாள், ஆனால் அந்த அழுகையில் முகம் மலர்ந்துகொண்டு வந்தது. நாலு மாதத்தில் ஒரு மனுசி மூச்சு விடுவதை நான் பார்த்தேன்.

"எனக்கிப் போதும் ஜனாண்ணன். இனி எனக்கி ஒன்டும் வாணாம். அந்தக் கட்டுத்துவக்குக் கட்டினவன நான் அல்லாகிட்ட உட்டுட்டேன், அவன் பாத்துக்குவான். உங்களுக்கு அஞ்சு நேரமும் துஆக் கேப்பேன். என்ட மௌத்து வரைக்கும் கேப்பேன்."

எழுந்து போயிருக்கலாம். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, வர்றேன்மா என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். நாலு மாதமாக என்னை எதுவும் தொடவில்லை, இது தொட்டது. ஒரே வாயால் என்னைச் சபிக்கவும் எனக்குப் பிரார்த்திக்கவும் அவளை விட்டுவிட்டு என்னால் படியிறங்க முடியவில்லை.

"துஆக் கேக்காதம்மா" என்றேன். "நீ அல்லாகிட்ட விட்டவனும் நானும் ஒரே ஆளுதான். கட்டுத்துவக்கு ஒண்ணும் இல்ல. பன்னின்னு நெனச்சு நான்தான் சுட்டேன். இங்கருந்து நேரா பொலிசுக்குத்தான் போகப்போறேன்."

அபீபாவின் அழுகை நின்றது. நஸ்லியா அடிக்க வருவாள், கத்துவாள், துப்புவாள் என்று காத்திருந்தேன். அதற்கெல்லாம் தயாராகத்தான் இருந்தேன். அவள் என் வாயையே பார்த்தாள். அவள் முகத்தில் வந்த வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது.

"அப்ப கலிமாச் சென்னாருண்டு செல்லினது?"

"அது உண்மைம்மா."

"நாலு மாசமாப் பொய் செல்லிக்கிட்டு ஈந்தீங்க. என்ட புள்ளைகள்ட மொகத்தப் பாத்துச் செல்லினீங்க. மையத்துக்கிட்ட நின்டு செல்லினீங்க." அவள் குரல் உயரவே இல்லை. "இத மட்டும் நான் எப்பிடி நம்புற?"

"சத்தியமா, நஸ்லியா. என் புள்ள மேல சத்தியமா. அவன் சொன்னான்."

"எப்பிடி நம்புற, ஜனாண்ணன்? செல்லுங்களேன். எனக்கி நம்போணும். எப்பிடி நம்புற?"

அவள் கோபத்தில் கேட்கவில்லை. கெஞ்சிக் கேட்டாள். அந்தக் காட்டில் நஸீபையும் என்னையும் தவிர யாரும் இருக்கவில்லை. அப்போதுதான் எனக்கு வலித்தது.